தலைவருக்குப் பேச்சில்லை

டாக்டர் ஷக்கீப் லஹ்லூ பேச வருகிறார் என்று ஐன் அஸ்கூர் கல்லூரிச் சுவரில் சுவரொட்டி ஒட்டிய அன்றே அதைக் கிழிக்க ஆள் வந்துவிட்டது. மறுநாள் புதிதாக ஒட்டினார்கள். அதையும் கிழித்தார்கள். மூன்றாவது முறை ஒட்டியதில் லஹ்லூவின் கண்ணாடிக்கு மேலே யாரோ இரண்டு கொம்பு வரைந்துவிட்டார்கள். கொம்பு அவருக்குப் பொருத்தமாகவே இருந்ததால் அதை யாரும் கிழிக்கவில்லை.

லஹ்லூவுக்குத் தொழில் பேச்சு. காஸாபிளாங்காவில் வீடு, வாரம் ஒரு பத்திரிகைக் கட்டுரை, தொலைக்காட்சி விவாதங்களில் அவருக்கென்றே ஒரு நாற்காலி. எதைப் பற்றிக் கேட்டாலும் அவருக்குக் கருத்து உண்டு. போன மாதம் அவருடைய கருத்து மலைப் பெண்களின் மேல் விழுந்தது. யூடியூபில் அமர்ந்து, சிரித்த முகமாய்ச் சொன்னார்: "மலையிலேர்ந்து இறங்கி வர்ற பொண்ணுங்க படிக்கவா வருதுங்க? படிப்பு ஒரு சாக்கு. மாணவியர் இல்லம்னு போர்டு மாட்டி வெச்சிருக்காங்களே, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். இழுத்து மூடிட்டு, அதுங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

அந்த இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாம்னாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள். வெந்நீர் வராது. அவரைக்காய்ச் சூப்பில் உப்பு இருக்காது. இருட்டியதும் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். தேர்வு வந்துவிட்டால், நடைபாதையில் எரிகிற ஒரே விளக்குக்குக் கீழே பத்துப் பெண்கள் முட்டி இடிக்க உட்கார்ந்து படிப்பார்கள். ஊருக்கே தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

யாம்னாவின் தந்தை ஹம்மூ, மலையிலுள்ள தங்கள் ஊருக்கும் கெனிஃப்ரா நகரத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டுகிறவர். லஹ்லூவின் பேச்சு அவருடைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டது. பின் இருக்கையில் எவனோ ஒருவன் சத்தமாகப் போட்டுக் காட்டி, "ஹம்மூ, உன் மகளும் அங்கதானே இருக்கா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். கூட நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். ஹம்மூ வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

"இந்த மாசத்தோட போதும். மூட்டையைக் கட்டி வை, நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"பாபா, இன்னும் ஒரு வருஷம்கூட இல்லையே! அந்த ஆள் பொய் சொல்றான். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? வண்டியில இருக்கறவனுக்குத் தெரியணுமே. நீ பொய்னு சொல்வே, நான் பொய்னு சொல்வேன். யாரும்மா நம்புவா? அந்த ஆளே வந்து தன் வாயால பொய்னு சொல்லட்டும், அப்ப பாக்கலாம்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். மழை மேலே பார்த்துப் பெய்யட்டும் என்று சொல்வதும் அதுவும் அவருக்கு ஒன்றுதான். யாம்னா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் சுவரில் கொம்பு வைத்த லஹ்லூவைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

ஆக, அந்த ஆள் வரட்டும் என்று ஐன் அஸ்கூரில் உண்மையாகவே ஆசைப்பட்டவள் யாம்னா ஒருத்திதான். அவளுடைய இடதுசாரி அணித் தோழர்களோ அவரை உள்ளே விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தோழர்களுக்குத் தலைவன் மிலூத். வரலாறு படிக்கிறவன். எத்தனை வருடமாகப் படிக்கிறான் என்று கேட்டால் கோபித்துக்கொள்வான். கல்லூரித் தேநீர்க் கடையில் அவன் புத்தம் புதிய இரும்புச் சங்கிலி ஒன்றை மேசைமேல் வைத்திருந்தான்.

"அரங்கத்துக் கதவுக்கு," என்றான். "பாவி உள்ளயே நுழைய முடியாது."

"அவரு பேசட்டும், மிலூத்," என்றாள் யாம்னா.

"என்னது? உங்களையெல்லாம் அப்படிச் சொன்னவனுக்கு நாம கம்பளம் விரிக்கணுமா? பேச்சுரிமைங்கறியா? ஒரு பொண்ணோட படிப்பை நிறுத்தற பேச்சு பேச்சே இல்ல, அது கல்லெறி. கல்லெறியறவன் கையைப் பிடிக்கணும்."

"கல்லு எறிஞ்சாச்சு. வந்து விழுந்தாச்சு. எங்க அப்பா பஸ்ல கிடக்கு. நீ இங்க கதவைப் பூட்டினா அங்க கிடக்கற கல்லு எந்திரிச்சுப் போயிடுமா? அவரு கதவு முன்னாடி நின்னு, 'பாத்தீங்களா, பதில் சொல்ல முடியாம பூட்டிக்கிட்டாங்க'ன்னு இன்னொரு வீடியோ போடுவாரு. அதுவும் பஸ்ல ஏறும்."

மிலூத் சங்கிலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இயக்கம் முடிவெடுத்தாச்சு, யாம்னா," என்றான். பதில் கிடைக்காதபோதெல்லாம் அவன் சொல்கிற வாக்கியம் அது.

சங்கிலிக்கு வேலையே வரவில்லை. விஷயம் முன்கூட்டியே கல்லூரி டீனின் காதுக்கு எட்டிவிட்டது. டீன் சண்டை பிடிக்காதவர். எவரையும் எதிர்க்காமல், எதையும் செய்யாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். அவரே அரங்கத்தைப் பூட்டி, 'மின்பழுது காரணமாக நிகழ்ச்சி ரத்து' என்று தாள் ஒட்டிவிட்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை லஹ்லூ வந்து இறங்கினார். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் காலணி. கூடவே கேமராவைத் தோளில் தாங்கிய ஓர் ஆள். பூட்டிய கதவையும் ஒட்டிய தாளையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "நேரலையில போடு," என்று கேமராக்காரரிடம் சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"அன்பர்களே, பாருங்க! இதுதான் நம்ம பல்கலைக்கழகம். ஒரு மனுஷன் பேசறதைக் கேக்கப் பயந்து பூட்டிட்டாங்க!"

மிலூத்தும் தோழர்களும் "வெளியே போ! வெளியே போ!" என்று கத்தினார்கள். அவர்கள் கத்தக் கத்த லஹ்லூவுக்குப் பொலிவு கூடியது. அவருக்கு அதைவிட நல்ல பின்னணி இசை வேண்டுமா?

எல்லாம் யாம்னா சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. தான் சொன்னது பலிப்பதைப் பார்த்து அவள் இவ்வளவு வெறுத்தது கிடையாது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், பேராசிரியரை அழைக்கிற மரியாதையோடு அழைத்தாள்.

"உஸ்தாத்! அரங்கத்தைத்தானே பூட்டியிருக்கு? முற்றத்துக்குக் கதவே இல்ல. ஹல்காவுக்கு வாங்க."

கத்திக்கொண்டிருந்தவர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். ஹல்கா என்றால் வட்டம். அந்த நாட்டுக் கல்லூரி முற்றங்களில், தாத்தா காலத்து மாணவர் சங்கத்திலிருந்து வருகிற வழக்கம். மேடை கிடையாது, மைக் கிடையாது, நாற்காலி கிடையாது. முன்வரிசைக்காரர்கள் தரையில் உட்காருவார்கள், பின்னால் இருப்பவர்கள் நிற்பார்கள். யார் வேண்டுமானாலும் கை தூக்கி முறை கேட்கலாம். மந்திரியானாலும் மாணவனானாலும் ஒரு முறைக்கு ஐந்து நிமிடம்தான். முறை தவறினால் எவனும் "நிஸாம்!" என்று கத்தலாம், ஒழுங்கு என்று பொருள். கத்தினால் தலைவர் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும்.

"தரையிலயா?" என்றார் லஹ்லூ.

"பயமா இருந்தா வேணாம்," என்றாள் யாம்னா.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பயமா என்று இவ்வளவு நேரம் மற்றவர்களைக் கேட்டவர் அவர்தான். "பேச்சுன்னா நான் எங்கயும் வருவேன், மகளே," என்று சொல்லிக் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

செய்தி பறந்தது. வகுப்புகள் காலியாயின. இல்லத்துப் பெண்கள் ஈரத் தலையோடு ஓடி வந்து முன்வரிசையைப் பிடித்தார்கள். மார்க்கம் பேசும் தாடிக்காரர்களான சகோதரர்கள் அணி, தங்கள் தலைவன் ஸுஹைரோடு வந்து, தோழர்களுக்கு நேரெதிரே அமர்ந்தது. இந்த இரண்டு அணிக்கும் வருடக்கணக்கில் ஆகாது. ஒருவன் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் மற்றவன் ஆதாரம் கேட்பான்.

யார் தலைவர் என்பதில் சிக்கல் வந்தது. மிலூத்தை ஸுஹைர் ஏற்கவில்லை. ஸுஹைரின் ஆளை மிலூத் ஏற்கவில்லை. வெயில் ஏறியது, லஹ்லூ கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது ஸுஹைர் எழுந்தான்.

"சகோதரி யாம்னா இருக்கட்டும். போன வருஷம் பஸ் கட்டண ஹல்காவுல, நேரம் முடிஞ்சதும் இதோ இந்த மிலூத்தையே பாதி வாக்கியத்துல உக்கார வெச்சா. சொந்த அணிக்காரனையே! அவளை நாங்க நம்பறோம்."

மிலூத்துக்கு அந்த நினைவு இனிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை. ஆனாலும், "எங்களுக்கும் சம்மதம்," என்றான்.

யாம்னாவின் அறைத்தோழி ஹத்தா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடிப்பாவி, ஒத்துக்காதே! தலைவருக்குப் பேச்சில்லைடி! மொத்த ஹல்காவுலயும் நீ ஒரு கருத்துச் சொல்லக்கூடாது. அவன்கிட்ட கேக்க வேண்டியவளே நீதானே?"

யாம்னாவுக்கும் அது தெரியும். அதுதான் ஹல்காவின் முதல் விதி. தலைவர் நேரம் பார்ப்பார், முறை கொடுப்பார், தீர்ப்புச் சொல்வார். விஷயத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஒரு மாதமாக அவள் குளிக்கும்போதும் நடக்கும்போதும் லஹ்லூவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பதில் அத்தனையும் தொண்டை வரை வந்து நின்றது. இவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்களா, என் வாயைக் கட்டினார்களா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் தலைவர் இல்லையென்றால் ஹல்கா இல்லை. ஹல்கா இல்லையென்றால் அந்த ஆள் பூட்டிய கதவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஊர் போய்ச் சேருவார். வட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"முதல் முறை விருந்தாளிக்கு," என்றாள். "ஐந்து நிமிஷம், உஸ்தாத். தொடங்கலாம்."

இவ்வளவு பெரிய பேச்சாளர் ஒரு தவறு செய்தார். அந்த நாட்டு மேடையில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பழக்கதோஷத்தில், மேடை வழக்கப்படியே ஆரம்பித்தார். இறைவனைப் புகழ்ந்தார். நபியை வாழ்த்தினார். கல்லூரியை வாழ்த்தினார். வராத டீனுக்கு நன்றி சொன்னார். ஐன் அஸ்கூரின் தண்ணீரையும் காற்றையும் அதன் ஆலிவ் எண்ணெயையும் பாராட்டினார். தன்னுடைய மாணவப் பருவத்தை நினைவுகூர்ந்தார், அப்போதைய தன் ஆசிரியர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்தார். பிறகு தொண்டையைச் செருமி, "இப்ப விஷயத்துக்கு வர்றேன்," என்றார்.

"நேரம் முடிஞ்சுது, உஸ்தாத்."

"என்னது! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. லஹ்லூவின் காது சிவந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கேமரா பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா அன்பர்களே? கூப்பிட்டு வெச்சுக் கழுத்தை நெரிக்கறாங்க! உண்மையைச் சொல்ல விடமாட்டாங்க!"

தோழர்கள் கைதட்டிக் கொண்டாடினார்கள். யாம்னா மட்டும் கேமராவைப் பார்த்தாள். இவர் இப்படியே எழுந்து போனால் கதவைப் பூட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேச விடவில்லை என்று ஆயிரம் முறை சொல்வார். நேரத்தை நீட்ட அவளுக்கு அதிகாரம் இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"யாராவது தன் முறையை விருந்தாளிக்கு விட்டுக்கொடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. மிலூத் கைகட்டிக்கொண்டு சிரித்தான். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். ஒருத்தியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினால்கூட அது தலைவர் பக்கம் சாய்ந்ததாகிவிடும். தரையைப் பார்த்தபடி மூன்று முறை கேட்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை அவள் வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"என் முறை அவருக்கு," என்றாள் ஹத்தா.

"ஹத்தா! உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று மிலூத் கத்தினான்.

"புத்தி தெளிவா இருக்கு. அவரு யூடியூபுல சொன்னதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லிக் கேக்கணும். ரொம்ப நாளா ஆசை. சொல்லுங்க உஸ்தாத், ஐந்து நிமிஷம் என்னோடது, தாராளமா எடுத்துக்குங்க."

யாரோ தரையில் போட்டுக் கொடுத்திருந்த அட்டைத் துண்டிலிருந்து லஹ்லூ எழுந்தார். இந்த முறை வாழ்த்துக்குப் போகவில்லை. வாய் திறந்தார். அப்போதுதான் முன்வரிசையை நன்றாகப் பார்த்தார் போல. பெண்கள், பெண்கள், பெண்கள். கம்பளிச் சால்வை, மை பட்ட விரல், மடியில் புத்தகம். ஒருத்தியும் கத்தவில்லை. எல்லோரும் மரியாதையாக, மிகவும் கவனமாக, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவிடம் எதையும் சொல்லிவிடலாம். அது கண் சிமிட்டாது. இத்தனை பேர் பார்க்கும்போது சொல்வது வேறு.

"நான்... பிள்ளைங்களா, நீங்கல்லாம் எனக்கு மகள் மாதிரி," என்றார். "உங்களை நான் சொல்லல. நான் பொதுவா, ஒரு சமூகப் பிரச்சினையை... சில இடங்கள்ல, சில பேர்..."

"நிஸாம்!"

குரல் தோழர்கள் பக்கமிருந்து வரவில்லை. ஸுஹைர் எழுந்து நின்றிருந்தான்.

"தலைவர் அவர்களே, ஒழுங்குக் கேள்வி. உஸ்தாத் பொண்ணுங்களோட மானத்தைப் பத்திப் பேசினாரு. மார்க்கத்துல அதுக்கு நாலு சாட்சி வேணும். நாலு சாட்சி இல்லாம ஒரு பொண்ணு மேல பழி சொன்னவன் சொல்லு அதுக்கப்புறம் எங்கயும் செல்லாது. நாலு பேரு எங்க, உஸ்தாத்?"

மிலூத் துள்ளி எழுந்தான். "நிஸாம்! இந்த ஒரு விஷயத்துல, வரலாற்றுல முதல் தடவையா, நான் ஸுஹைரை ஆதரிக்கறேன். ஹல்கா விதியும் அதையேதான் சொல்லுது. பழி சொன்னா பேரைச் சொல்லணும். இல்லேன்னா சொல்லைத் திருப்பி எடுக்கணும்!"

சகோதரர்களும் தோழர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர்ந்து கைதட்டுவதா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் தட்டியே விட்டார்கள்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். யாம்னா தீர்ப்புச் சொன்னாள்.

"ஒழுங்குக் கேள்வி செல்லும். உஸ்தாத், உங்களுக்கு மூணு வழி. பேரைச் சொல்லலாம். சொல்லைத் திருப்பி எடுக்கலாம். ரெண்டும் பிடிக்கலேன்னா வட்டத்தை விட்டுப் போகலாம், உங்களை யாரும் தடுக்க முடியாது. பதில் சொல்லாம போனாருன்னு மட்டும் நான் அறிவிப்பேன். பின்வரிசை, அவருக்கு வழி விடுங்க. யாரும் அவரைத் தொடக்கூடாது, ஒரு வார்த்தை திட்டக்கூடாது."

கூட்டம் பிளந்து, வாசல் வரைக்கும் அகலமான பாதை விட்டது. லஹ்லூ அந்தப் பாதையைப் பார்த்தார். பின்பு கேமராக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தார். பாதையையும் லஹ்லூவையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதோட, பழி சொல்லப்பட்டவங்களுக்குப் பதில் உரிமை உண்டு," என்றாள் யாம்னா. "மாணவியர் இல்லத்துல இருக்கறவங்க யாரெல்லாம் பேசணும்?"

முன்வரிசையில் எல்லாக் கைகளும் எழுந்தன. அதன் பின்வரிசையிலும் எழுந்தன.

ஹத்தா முதலில் நின்றாள். "என் பேரு ஹத்தா. ஊரு ஐத் ஒகில். உயிரியல், ரெண்டாம் வருஷம். என் பேரைச் சொல்லுங்க, உஸ்தாத்."

அவ்வளவுதான். உட்கார்ந்தாள். அடுத்தவள் எழுந்தாள். "என் பேரு தமோ. எங்க ஊரு இத்ஸர் பக்கம். பொருளாதாரம். என் பேரைச் சொல்லுங்க, உஸ்தாத்." அடுத்து ஒருத்தி, புவியியல். அதற்கடுத்தவள், கணிதம், குரலே வெளியே வரவில்லை, பின்னால் இருந்தவர்கள் "சத்தமா சொல்லும்மா" என்றதும் முஷ்டியை இறுக்கிக்கொண்டு கத்தினாள். திக்குவாய்ப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை முற்றம் மூச்சு விடாமல் காத்திருந்தது. மலையிலிருந்த அத்தனை ஊர்களும் ஒவ்வொன்றாக எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லின. யாரும் லஹ்லூவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

யாம்னா ஒவ்வொருத்திக்கும் கை காட்டி முறை கொடுத்துக்கொண்டே வந்தாள். அவளும் அந்த இல்லத்துக்காரிதான். அவளுக்கும் ஊர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது. தன் பெயர் நெஞ்சுக்குள் முட்டி மோதியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்தவளுக்குக் கை காட்டினாள்.

இன்னும் பாதிப் பேர்கூட முடியவில்லை. லஹ்லூ அட்டைத் துண்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார். கோட்டில் மண் ஒட்டியிருந்தது.

"போதும்," என்றார். "எனக்கு யாரையும் தெரியாது. அந்த இல்லத்துக்குள்ள நான் போனதும் கிடையாது."

"அப்ப, உஸ்தாத்?" என்று யாம்னா கேட்டாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"திருப்பி எடுத்துக்கறேன்."

"பின்வரிசைக்குக் கேக்கல!" என்று பத்துக் குரல்கள் ஒன்றாக எழுந்தன.

மைக் இல்லாத இடத்தில், முடிவானதைத் தலைவர் உரக்கச் சொல்லியாக வேண்டும். அது தலைவரின் கடமை. கருத்தும் ஆகாது, பக்கம் சாய்வதும் ஆகாது. யாம்னா மூச்சை இழுத்தாள். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் அந்த ஒரு குரலோடு சேர்ந்து வெளியே வந்தது.

"மாணவியர் இல்லத்துப் பெண்களைப் பத்தி உஸ்தாத் ஷக்கீப் லஹ்லூ சொன்னதுக்கு ஆதாரம் இல்லை! அவருக்கு யாரையும் தெரியாது! சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு! உஸ்தாத், நான் சொன்னது சரிதானா?"

கேமரா அவர் முகத்துக்கு நேராக நின்றது. "சரி," என்றார் லஹ்லூ. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

முதலில் ஹத்தா குலவையிட்டாள். பிறகு முன்வரிசை முழுக்கக் குலவையிட்டது. மலைக் கல்யாணங்களில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்கும் குலவை அது. கல்லூரிச் சுவர்களுக்கு எம்மாத்திரம்? மிலூத் ஸுஹைரைக் கட்டிப்பிடித்துவிட்டு, யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று உறைத்ததும் சட்டென்று விலகினான். ஸுஹைர் தாடிக்குள் சிரித்தான். லஹ்லூ அவருக்கென்று விட்ட பாதை வழியாக வாசலுக்கு நடந்தார். சொன்னபடி யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. ஒருவன் அவர் மறந்துவிட்ட பேனாவைக்கூட ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

"ஹல்கா முடிஞ்சுது," என்று யாம்னா அறிவித்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"என் சங்கிலியை என்ன பண்றது?" என்று கேட்டான் மிலூத்.

"உன் சைக்கிளைப் பூட்டு. அதுக்குத்தான் பூட்டு வேணும்," என்றாள்.

மடியில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்தால் பாபாவின் குரல், பின்னால் ஒரே இரைச்சல். யாரோ ஹாரன் அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள்.

"பாபா, எங்க இருக்கீங்க?"

"ஏத்தத்துல. வண்டியை ஓரமா நிறுத்தியிருக்கேன். இதுக்கு மேல போனா சிக்னல் இருக்காதாம். அந்த ஆள் நேரலை போட்டிருந்தான்ல, அதைப் பாத்தோம். வண்டி முழுக்க ஆளு. கெனிஃப்ரா போகணும்னு ஒருத்தனும் வாயைத் திறக்கல. இவ்வளவு நேரம் ஒரு பஸ் இப்படி நின்னதே கிடையாது."

"அன்னிக்குச் சிரிச்சவனும் இருக்கானா?"

"அவன் போன்லதானே பாத்தோம், இப்பப் பேசறதும் அதுலதான்! சார்ஜ் தீரப் போவுது, சீக்கிரம் பேசுங்கறான்." ஹம்மூ தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராத்திரி அங்க ரொம்பக் குளிருமே. போர்வை ஒண்ணு குடுத்து விடறேன். கனமானது. வருஷம் முழுக்க வேணுமே உனக்கு."

வருஷம் முழுக்க என்று அவர் சொன்னதையே யாம்னா மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "எல்லாப் பொண்ணும் எந்திரிச்சுப் பேரைச் சொல்லிச்சு. நீ மட்டும் ஏம்மா சொல்லல?"

"தலைவருக்குப் பேச்சில்லை, பாபா. அதுதான் விதி."

"அப்படியா. எனக்கு அந்த விதி தெரியாது. வண்டியில எல்லாரும் கேட்டாங்க, நடுவுல நிக்கற பொண்ணு யாருன்னு. நான் ஸ்டியரிங்கை விட்டுட்டு எந்திரிச்சு நின்னேன். யாம்னா, ஹம்மூ மக, சட்டம், மூணாம் வருஷம்னு சொன்னேன்."